சபையிலிருந்து வந்த வசனம்

போன கிழமை கம்பளையில் நீங்கள் போட்ட நாடகத்தைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாம் காட்சியில் கூட்டத்திலிருந்து ஒருவர் ஏதோ சொன்னார். மேடையில் நின்ற தம்பி குரலை உயர்த்தி அவரை அமுக்கிவிட்டுத் தன் வசனத்தைச் சொல்லி முடித்தார். திரை விழுந்ததும் எல்லோரும் அவரைப் பாராட்டினீர்கள். நானும் பாராட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்: அந்த மனிதர் என்ன சொன்னார் என்று நம்மில் ஒருவருக்காவது கேட்டதா? எனக்குக் கேட்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கண்டியில் எங்களுக்கு ஒரு சின்ன நாடகக் குழு இருந்தது. நடத்தியவர் அருளப்பு மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த யாழ்ப்பாணத்துக்காரர். கதாநாயகன் என் கணவர் சவரிமுத்து. பகலில் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை. ஈய எழுத்தோடு பழகிய மனிதர் என்பதாலோ என்னவோ, எழுதிக் கொடுத்ததில் ஒரு சொல் மாறாமல் ஒப்பிப்பார். எழுதிக் கொடுக்காத ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து எடுக்க முடியாது. பெண் மேடையேறினால் ஊர் வாய்க்கு வந்தபடி பேசிய காலம். கூட நடிப்பவர் என் கழுத்தில் தாலி கட்டியவர் என்பதால்தான் எங்கள் மாதா கோவில் பங்குச் சனங்கள் என்னைச் சும்மா விட்டார்கள்.

ஒரு வருடம் மாஸ்டர் பிரெஞ்சுக்காரர்களின் காதல் நாடகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அம்பிட்டியப் பக்கம் இருந்த பெல்ஜியப் பாதிரியார் ஒருவரிடம் அந்தப் புத்தகம் இருந்தது. பாதிரியார் பிரெஞ்சில் வாசித்துத் தமக்குத் தெரிந்த தமிழில் சொல்லச் சொல்ல, மாஸ்டர் எழுதிக்கொள்வார். காதல் பேசுகிற இடம் வந்தால் பாதிரியாரின் காது சிவந்துவிடுமாம். "இங்கே இரண்டு பேரும் அன்பாகப் பேசுகிறார்கள்" என்று சொல்லி இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிடுவாராம். அப்படித் திருப்பிய பக்கங்களையெல்லாம் மாஸ்டர் தாமாகவே எழுதி நிரப்பினார். அவர் கலியாணம் கட்டாதவர். எந்தப் புருஷனும் பெண்டாட்டியிடம் இப்படிப் பேசமாட்டான் என்று ஒத்திகையில் நான் சொன்னபோது, "அதைக் கேக்கத்தானே பிள்ளை சனம் நாடகத்துக்கு வருது" என்றார்.

கதை இதுதான். வசதியான வீட்டுப் பிள்ளை ஒருவன் குதிரையிலிருந்து விழுகிறான். உடம்பு தேறுகிறது, ஆனால் பழைய நினைவு ஒன்றுமில்லை. கட்டிய மனைவியையே தெரியவில்லை. அதிர்ச்சி தரக்கூடாது, எதையும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் கட்டளையிடுகிறார். அதனால் மனைவி நர்ஸ் வேடத்தில் அவனைக் கவனித்துக்கொள்கிறாள். உன் மனைவி தாய்வீடு போயிருக்கிறாள் என்று அவனிடம் சொல்லிவைக்கிறார்கள். அவனுக்கோ அந்த நர்ஸ் மேல் காதல் வந்துவிடுகிறது. முகம்கூடத் தெரியாத மனைவிக்குத் துரோகம் செய்கிறோமே என்று தவித்து, கடைசியில் மனைவிக்கு உண்மையாக இருப்பதற்காக, அந்த மனைவியையே வீட்டை விட்டுப் போகச் சொல்கிறான். அந்த இடத்தில் அவள் "நான்தான் உங்கள் மனைவி" என்று சொல்வாள். அவனுக்கு எல்லாம் திரும்பி வரும். இரண்டு பேரும் சேர்ந்து பாட, திரை விழும்.

பிரெஞ்சில் பாட்டே இல்லை. நம் சனங்கள் பாட்டில்லாத நாடகத்துக்கு வருவார்களா? ஆர்மோனியக்காரர் முறைத்த முறைப்பில் மாஸ்டர் நாலைந்து பாட்டுகள் சேர்த்தார். பாரிஸ் நகரம் நுவரெலியா ஆனது. சிரிப்புக்கென்றே ஒரு காட்சி இருந்தது. நர்ஸ் ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டி "இது யாருடையது? இவர் யார்?" என்று அவனைச் சோதிப்பாள். அவன் எல்லாவற்றுக்கும் தப்புத் தப்பாகப் பதில் சொல்வான். மாமியாரின் படத்தைப் பார்த்து, "இந்தப் பொலிஸ் இன்ஸ்பெக்டரை எங்கேயோ பார்த்திருக்கிறேன்" என்பான். அந்த ஒரு காட்சிக்காகவே நாடகத்தை இரண்டாம் தரம் பார்க்க வந்தவர்கள் உண்டு.

நான் சொல்ல வந்த ஆட்டம் கண்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. தோட்டத்துச் சனங்கள் பஸ் பிடித்துத் திரும்பவேண்டும் என்பதால் பின்னேரம் வெளிச்சத்திலேயே ஆட்டம் வைத்திருந்தோம். நான் நர்ஸ் உடுப்போடு பக்கக் கதவருகே நின்றேன். மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, தன் பெயர் அந்தோணி என்றும், மடுல்கெல்லப் பக்கம் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றும் சொன்னார்.

"தங்கச்சி, எங்களுக்கு ஓரத்துல ரெண்டு கதிரை கெடைக்குமா? நடுவுல எந்திரிச்சுப் போக வேண்டி வந்தாலும் வரும்" என்றார்.

அவருக்குப் பின்னால் தாழ்வாரத்தில் ஒரு பெண் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல சேலை, தலையில் பூ. அவர் மனைவி அருளாயி. மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்த பிறகு பழைய நினைவு ஒன்றும் இல்லை என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். சமைக்கத் தெரிகிறது, ஜெபமாலை சொல்லத் தெரிகிறது, ஆட்களைத்தான் தெரியவில்லை. தினமும் காலையில் கலியாணப் படத்தைக் காட்டி, இது யார், இது எந்தக் கோவில் என்று அவர் கேட்கிறாராம். முன்பு அவளுக்கு நாடகம் என்றால் உயிர். அதையாவது பார்த்து ஏதாவது நினைவு வராதா என்று கூட்டிவந்திருக்கிறார். என்ன நாடகம் என்று அவருக்குத் தெரியாது.

பேசிக்கொண்டே அவர் மனைவியின் முழங்கையைத் தொட்டு உள்ளே போகச் சொன்னார். பஸ்ஸில் முன்பின் தெரியாதவருக்கு இடம் விடுவதைப் போல, அவள் மரியாதையாக விலகி வழிவிட்டாள்.

நான் ஓடிப்போய் மாஸ்டரிடம் சொன்னேன். டாக்டர் வேடம் அவருக்கு. பாதி மீசை ஒட்டியிருந்தது. மற்றப் பாதியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். பழைய நாடகம் ஒன்றை மாற்றிப் போடலாமா என்றார். அதற்கான உடுப்பு கையில் இல்லை. அவர்களிடம் சொல்லாமல் நடத்திவிடலாம், அவருக்குப் பிடிக்காவிட்டால் எழுந்து போகட்டும் என்றார் ஆர்மோனியக்காரர். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒன்றும் சொல்லாமல் ஒரு மனிதரை உட்காரவைத்து, அவர் வீட்டுத் துக்கத்தைக் காட்டி ஊரைச் சிரிக்க வைப்பதா? போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். மாஸ்டர் தடுக்கவில்லை.

அந்தோணியைத் தனியாகக் கூப்பிட்டுக் கதையை ஒளிக்காமல் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

"சிரிக்கிற கதையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. சனங்க நல்லாச் சிரிப்பாங்க."

"அவ சிரிச்சு ரொம்ப நாளாச்சு. இருந்து பாக்குறோம்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

தொடக்கம் நன்றாகப் போனது. மண்டபம் சின்னது, யன்னல்களால் வெளிச்சம் வந்ததால் முன் வரிசைகளில் உள்ள முகங்கள் எனக்குத் தெரிந்தன. அருளாயி சிரிக்கவில்லை. ஆனால் சவரிமுத்துவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் மேடையில் எந்தப் பக்கம் போனாலும் அவள் தலை அந்தப் பக்கம் திரும்பியது.

சோதிக்கும் காட்சி வந்தது. நான் முதல் பொருளாக ஒரு குடையை எடுத்துக் காட்டினேன். "இது யாருடையது?" அவர் தப்பான பதில் சொன்னார். சிரிப்பு. வழக்கப்படி நான் சபைப் பக்கம் திரும்பி, "நான்தான் மனைவி என்று இப்போதே சொல்லிவிட்டால் என்ன?" என்று ஒரு தனி வசனம் சொல்லவேண்டும். சொன்னேன்.

"சொல்லாதம்மா."

அருளாயி எழுந்து நின்றிருந்தாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தோணி அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"சொன்னா அவரு பயந்துருவாரு" என்றாள்.

மறுபடி சிரிப்பு. பக்கத் திரைக்குப் பின்னால் மாஸ்டர் கையைச் சுழற்றி, நடத்து, நடத்து என்று காட்டினார். சவரிமுத்து அடுத்த பொருளுக்காக என்னைப் பார்த்துக்கொண்டு சிலையாக நின்றார். மாமியார் படம் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அதை எடுத்துக் காட்டியிருந்தால் சபை மறுபடி எங்கள் கைக்கு வந்திருக்கும். அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் அவள் கேலியாகவோ விளையாட்டாகவோ சொல்லவில்லை. எனக்குப் புத்தி சொன்னாள். கிணற்றடியில் ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்வதைப் போல. நான் மேடை விளிம்புக்கு வந்து கேட்டேன்.

"ஏன்க்கா பயப்படணும்?"

"தெரியாத ஆளு வந்து நான் ஒனக்குச் சொந்தம்னு சொன்னா பயமா இருக்காதா?" என்றாள். இப்போது சிரிப்பு குறைந்தது. "நீ படத்தக் காட்டிக் கேப்ப. அவருக்குத் தெரியாது. ஒன் மொகம் வாடிப்போகும். அத அவரு தெனமும் பாக்கணும். நல்ல மனுசன்னு தெரியும், ஆனா அந்தக் காலை நேரம் வந்தாலே பயமா இருக்கும்."

அந்தோணியின் கை சேலைத் தலைப்பை விட்டுவிட்டது.

"அப்ப நான் என்ன செய்யட்டும்?" என்றேன். அது வசனமில்லை. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"பக்கத்துல உக்காந்து எதாவது பேசிக்கிட்டு இரு. கேள்வி மட்டும் கேக்காத" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

நான் திரும்பினேன். இனி அந்தச் சோதனைக் காட்சியை நடிக்க என்னால் முடியாது என்று தெரிந்தது. மேசையில் காட்சிக்காக வைத்திருந்த தட்டில் தோடம்பழம் இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு சவரிமுத்துவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினேன். வெளியே மழை என்றேன். காலையில் பால்காரர் வழுக்கி விழுந்ததைச் சொன்னேன். அவருடைய நெற்றி வியர்த்தது. இதெல்லாம் எழுதிக் கொடுத்ததில் இல்லையே. ஒரு சுளையை அவர் கையில் வைத்தேன். அவர் அதைத் தின்றார். மென்றார். எவ்வளவோ நேரம் கழித்து, "இனிப்பா இருக்கு" என்றார்.

சனங்கள் சிரித்தார்கள். முன்பு சிரித்த சிரிப்பு இல்லை அது. நான் சபையைப் பார்த்தேன். அருளாயியும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதோடு ஆபத்து போகவில்லை. கடைசிக் காட்சி இருந்தது. அதில் நான் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கதைக்கு முடிவில்லை. சொன்னால், சபை நடுவில் எழுந்து நின்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டதை மிதித்ததாகும். இடைவேளையில் மாஸ்டர், எழுதினபடி போ, பிள்ளை, இதுக்கு மேலே விளையாடாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் சரி என்றேன். சரி என்று சொல்லும்போது அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கடைசிக் காட்சி. சவரிமுத்து ஒரு சொல் பிசகாமல் தன் வசனத்தைச் சொன்னார். மனைவிக்குத் துரோகம் செய்ய மாட்டேன், நீ போய்விடு என்றார். நான் பெட்டியைத் தூக்கினேன். வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. மறந்துபோகவில்லை, நாக்கின் நுனியில் இருந்தது. அந்த ஓரக் கதிரையைப் பார்த்தபோது அதைச் சொல்ல மனம் வரவில்லை. பெட்டியோடு கதவை நோக்கி நடந்தேன். மாஸ்டர் திரைக்குப் பின்னாலிருந்து வசனத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். முன் வரிசைக்கே கேட்டிருக்கும். நான் நடந்துகொண்டே இருந்தேன். கதவைத் தாண்டினால் நாடகம் அங்கேயே செத்தது.

"நில்லு" என்றார் சவரிமுத்து.

நின்றேன். அவருடைய குரல் நடிக்கிற குரலாக இல்லை. வீட்டில் பேசுகிற குரல்.

"பொண்டாட்டிய எனக்கு ஞாபகம் இல்ல. எனக்கு ஞாபகத்துல இருக்கிறதெல்லாம் நீ ஒருத்திதான்."

பாதிரியார் திருப்பிவிட்ட பக்கங்களில் என்ன இருந்ததோ தெரியாது. மாஸ்டர் எழுதிய வசனங்களில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. நான் பெட்டியைக் கீழே வைத்தேன். மாஸ்டர் திரையை இழுக்கச் சொல்லிவிட்டார். பாட்டு வரவில்லை.

எல்லோருக்கும் திருப்தி என்று நினைக்காதீர்கள். புடைவைக் கடை முதலாளி ஒருவர் பின்பக்கம் வந்து, அவள்தான் மனைவி என்று கடைசியில் அவனுக்குத் தெரிந்ததா இல்லையா, அதைச் சொல்லாமல் எப்படித் திரையைப் போடலாம் என்று சண்டை பிடித்தார். ஆர்மோனியக்காரர் தன் கடைசிப் பாட்டுக்காகத் துக்கம் கொண்டாடினார்.

நான் வேடம் கலைக்காமலே வெளியே வந்தேன். மழை விடவில்லை. தாழ்வாரத்தில் அந்தோணியும் அருளாயியும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றார்கள். அவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். கலியாணப் படம் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். வெறுங்கையை வெளியே எடுத்தார். பிறகு அவள் முன்னால் போய் நின்றார்.

"என் பேரு அந்தோணி. பஸ்ஸுக்கு நேரமாச்சு. கூட வர்றீங்களா?"

அவள் அவரைப் பார்த்தாள். "வர்றேன்" என்று சொல்லித் தன் குடையை விரிப்பதற்காக அவர் கையில் கொடுத்தாள்.

அடுத்த ஒத்திகை வரைக்கும் மாஸ்டர் என்னோடு கதைக்கவில்லை. ஒத்திகைக்கு வந்த அன்று எல்லோர் முன்னாலும் கேட்டார்: "அந்த மனிசி அழுது விழுந்திருந்தா என்ன செய்திருப்பாய், பிள்ளை? புருஷன்காரன் மேடைக்கு ஏறி வந்திருந்தா?" அவர் கேட்டது நியாயம். நல்லபடியாக முடிந்ததால் நான் செய்தது சரி என்று ஆகிவிடாது. எப்போதும் சபைக்குப் பதில் சொல்லுங்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லவும் மாட்டேன். பிறகு ஒரு தரம் ஹுன்னஸ்கிரியவில் குடித்துவிட்டு வந்த ஒருவர் ஆட்டம் முழுக்க என்னைப் பார்த்துக் கத்தினார். நான் அந்தப் பக்கமே திரும்பாமல் என் வசனங்களைச் சொல்லி முடித்தேன். அது அந்த நாளுக்குச் சரி. குரல் வரும்போது ஒரு மூச்சு விடுகிற நேரம் காது கொடுங்கள். உங்களைக் குலைக்க வந்த குரலா, உங்களுக்கு எதையோ தர வந்த குரலா என்று பாருங்கள். இதை ஒத்திகையில் பழக முடியாது. அதனால்தான் சொல்லிவைக்கிறேன்.

ஒன்றிரண்டு வருடம் கழித்து மடுல்கெல்லத் தோட்டத்துத் திருவிழாவுக்கு எங்களை ஆட அழைத்தார்கள். அந்தோணியும் அருளாயியும் எங்களைத் தேடி வந்தார்கள். பழைய நினைவு திரும்பவில்லை என்று அவளே சொன்னாள். அதில் அவளுக்குக் கூச்சமிருக்கவில்லை. "கல்யாணம் ஞாபகமில்ல தங்கச்சி. ஆனா ஆளத் தெரியும். கண்டியில இருந்து ஒண்ணா பஸ்ஸுல வந்தோம்ல, அன்னைக்கிலருந்து தெரியும்" என்றாள். அந்தோணி நிலத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் தேநீர் எடுக்கப் போனபோதுதான் அவர் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. அதே காய்ச்சல், அதே கிழமை. அருளாயி அறிவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடக்க, அவர் தனியாகக் கொண்டுபோய் அடக்கம் செய்தார். அவள் கண் விழித்தபோது குழந்தையைக் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் அவளிடம் இல்லை. தினமும் காலையில் அவர் படத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டது தனக்காக இல்லை. ஒவ்வொன்றாக நினைவு வந்தால் கடைசியில் அந்தக் குழந்தையிடமும் வந்து சேர்வாள், அழுவதற்கு ஒரு துணை கிடைக்கும் என்றுதான். கண்டியிலிருந்து திரும்பிய பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். பேசிக்கொண்டு மட்டும் இருந்தார்.

"அப்பறம் ஒரு நாளு அவளாவே கேட்டா. ஒங்க மொகத்துல எப்பவும் என்னமோ ஒண்ணு இருக்கே, என்னான்னு கேட்டா. சொல்லிட்டேன்."

அருளாயி தேநீரோடு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று எங்கள் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டாள்.

"எனக்கு அந்தப் பிள்ள மொகம் வரல" என்றாள். "எவ்வளவோ பாத்துட்டேன், வரல. இவரு சொல்லிச் சொல்லி அழுதாரு. நான் பக்கத்துல இருந்தேன். இப்பல்லாம் கல்லறைக்கு ஒண்ணாத்தான் போறோம். ரோசலீனா அதுக்குப் பேரு."

அவள் அந்தப் பெயரைச் சொன்னபோது அந்தோணி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்பதற்கு அந்த மனிதர் எவ்வளவு காலம் காத்திருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.